கராஜில் கட்டும் ஸ்போர்ட்ஸ் கார்: கேள்வி – பதில்

காலின் சாப்மன் 1957-இல் கொண்டுவந்த லோட்டஸ் செவன், பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பொருத்திக் கட்டிக்கொள்ளும் கார். முழுக் காராக வாங்கினால் பிரிட்டனில் அன்று கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கினால் இல்லை. அதனால்தான் அது அப்படி விற்றது. 1973-இல் அதைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்திடம் போனது. வெஸ்ட்ஃபீல்ட் முதலான பல நிறுவனங்களும் அதே சாயலில் கிட்கள் (கார் கட்டும் பாகத் தொகுப்புகள்) தந்தன. இந்த வகைக் கார்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கே: பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றைப் பிரித்து அதன் பாகங்களில் செவன் மாதிரி கார் கட்டப்போகிறேன். எதைப் பார்த்து வாங்குவது? பதிவு எண் எப்படிக் கிடைக்கும்?
– வாசகர், ஹாரோ, லண்டன்

ப: கதவுக்குக் கீழே உள்ள சில் பகுதி துருப்பிடித்த காராகப் பாருங்கள். பாடி உங்களுக்குத் தேவையில்லை. துரு இருந்தால் விலை இறங்கும். கவனமெல்லாம் இன்ஜினில் இருக்கட்டும். ஆரம்பகால 1.6 இன்ஜின்களில் கிராங்க் ஷாஃப்டின் முன்முனை குட்டையானது. அதில் பல்சக்கரத்தைப் பிடிக்கும் சாவி தேய்ந்து, டைமிங்கே ஆட ஆரம்பிக்கும். அடையாளம் எளிது: கிராங்க் புல்லியில் 4 வெட்டுகள் இருந்தால் குட்டை முனை, 8 இருந்தால் திருத்தப்பட்ட நீள முனை. ஐட்லிங்கில் புல்லி தள்ளாடிச் சுழல்வது தெரிந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். 1.6 காரின் சிறிய டிஃப்ரன்ஷியல் பலவீனமானது என்பார்கள். 600 கிலோகூட வராத காருக்கு அது தாராளமாகப் போதும்.

பிரிப்பதற்கு முன் சில நாள் ஓட்டிப் பார்த்து, எந்த விளக்கு எரிகிறது, எந்த கியர் முரண்டு பிடிக்கிறது என்று எழுதி வையுங்கள். வயரிங்கின் ஒவ்வொரு கனெக்டருக்கும் சீட்டு ஒட்டுங்கள். தேவையில்லாத வயர்களை வெட்டும் ஆசையைப் புது சேஸிஸில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்வரை அடக்கிக்கொள்ளுங்கள்.

பதிவைப் பொறுத்தவரை, கிட் நிறுவனத்தின் புது சேஸிஸில் ஒரே பழைய காரின் முக்கியப் பாகங்கள் இரண்டு இருந்தால், அந்தக் காரின் வயதுக்கேற்ற எண் கிடைக்கும். அதற்கு அத்தாட்சி வேண்டும். பழைய காரின் வி5சி என்ற பதிவு ஆவணத்தைத் தொலைத்தால், வயதோ மூலமோ உறுதியாகாத கார்களுக்குத் தரும் 'கியூ' எண்தான் மிஞ்சும். எந்த எண்ணாக இருந்தாலும் ஐவிஏ என்ற தனி வாகனச் சோதனையில் தேறியாக வேண்டும்.

கே: அந்த ஐவிஏ சோதனையில் என் கார் தோற்றுவிட்டது. ஸ்டீயரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்பவில்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். அலைன்மென்ட் சரியாகத்தான் இருக்கிறது.
– வாசகர், லெஸ்டர்

ப: எடை குறைந்த கார்களுக்கு இது அடிக்கடி வருகிற தோல்வி. சக்கரத்தை நேராக்கும் விசையில் ஒரு பங்கு முன்சக்கரத்தின் மேலுள்ள எடையிலிருந்து வருகிறது. உங்கள் காரின் முன்பக்கம் 250 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். விசையே குறைவு என்பதால் எங்கேயாவது சிறு உராய்வு இருந்தாலும் அது ஜெயித்துவிடும். ஆகவே கேஸ்டரில் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னுக்குச் சாய்ந்திருக்கும் கோணம்) கைவைக்கும் முன் உராய்வைத் தேடுங்கள்.

முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, ஸ்டீயரிங்கைச் சக்கரங்களோடு இணைக்கும் இரண்டு டிராக் ராடு முனைகளையும் கழற்றுங்கள். இப்போது ஸ்டீயரிங்கை ஒரு விரலால் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை சுற்ற முடிய வேண்டும். எங்கேயாவது இறுகினால் மூன்று இடங்களில் பாருங்கள். ஒன்று, ஸ்டீயரிங் தண்டைத் தாங்கும் புஷ் கோணலாக உட்கார்ந்திருக்கலாம். அதன் போல்ட்டுகளைத் தளர்த்தி, ஸ்டீயரிங்கைச் சுற்றிவிட்டு மறுபடி முடுக்குங்கள். இரண்டு, ஸ்டீயரிங் ரேக்கைப் (டிராக் ராடுகளை இடம் வலம் தள்ளும் பல்தண்டு) பிடிக்கும் கிளாம்புகள் ஒரே மட்டத்தில் இல்லாமல் ரேக்கை முறுக்கியிருக்கலாம். மூன்று, ஸ்டீயரிங் தண்டில் உள்ள இரண்டு யுனிவர்சல் ஜாயின்ட்களின் கவைகள் ஒன்றுக்கொன்று திரும்பிப் பூட்டப்பட்டிருக்கலாம். அப்படியானால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை கனத்து, இரண்டு தடவை லேசாகும். ஸ்பிளைனிலிருந்து கழற்றிச் சரியான நிலையில் மாட்டினால் போய்விடும். பிறகு ஒவ்வொரு பக்கமும் சக்கரத்தைத் தாங்கும் அப்ரைட்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். புதிய பால் ஜாயின்ட் இறுக்கமாக இருப்பது சகஜம், கிரீஸ் ஏற்றிப் பலமுறை அசைத்தால் இளகும்.

இவ்வளவும் செய்த பிறகே கேஸ்டர். பல கிட்களில் மேல் விஷ்போனின் (அப்ரைட்டைச் சேஸிஸோடு இணைக்கும் கை) இருபக்கமும் வாஷர்கள் இருக்கும். பின்பக்கத்து வாஷரை எடுத்து முன்பக்கம் போட்டால் மேல் பால் ஜாயின்ட் பின்னுக்குப் போய் கேஸ்டர் கூடும். இடம் வலம் இரண்டிலும் ஒரே அளவு மாற்றுங்கள். மாற்றியதும் டோ அளவை (முன்சக்கரங்கள் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்கும் அளவு) மறுபடி பார்க்க வேண்டும். சோதனை நாளுக்கு மட்டும் முன் டயர்களில் 30 பிஎஸ்ஐ வரை காற்று ஏற்றினால் தரையில் படும் பரப்பு குறைந்து உதவும். வீடு திரும்புமுன் இறக்கிவிடுங்கள். இந்த எடைக்கு 18 முதல் 20 பிஎஸ்ஐ போதும். அதற்கு மேல் போனால் ஈரச்சாலையில் முன்பக்கம் வழுக்கும்.

கே: பலமாக பிரேக் பிடித்தால் எப்போதும் வலது முன்சக்கரம்தான் சுழலாமல் பூட்டிக்கொள்கிறது. காலிப்பரை மாற்றினேன், பேட் மாற்றினேன், தீரவில்லை.
– வாசகர், பர்மிங்ஹாம்

ப: பிரேக்கை இனி தொடாதீர்கள். நான்கு சக்கர எடைகளைப் பாருங்கள். ஒரு கால் குட்டையான மேஜை போல உங்கள் கார் ஒரு மூலைவிட்டத்தில் கனமாக நிற்கிறது என்றே தோன்றுகிறது. கனமான பழைய காரில் 20 கிலோ வித்தியாசம் தெரியாது. இதில் சக்கரத்துக்கு 140 கிலோதான் என்பதால் நன்றாகவே தெரியும்.

தளம் சமமாக இருக்க வேண்டும்; நான்கு தராசுகளின் மேல்பரப்பும் ஒரே மட்டம். டயர் காற்று சரியாக, பெட்ரோல் பாதி டேங்க், ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு மணல் மூட்டை. வளைவில் கார் சாயாமல் தடுக்கும் ஆன்டி-ரோல் பாரின் ஒரு முனையைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அது பொய்க்கணக்குக் காட்டும். தராசில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: இடது முன் 150, வலது முன் 130, இடது பின் 155, வலது பின் 185. மொத்தம் 620 கிலோ. வலது முன்னையும் இடது பின்னையும் கூட்டினால் 285, அதாவது 46 சதவீதம். எதிர் மூலைவிட்டம் 335, 54 சதவீதம். வலது முன்சக்கரம் லேசாக நிற்கிறது. அது முதலில் பூட்டிக்கொள்வதில் வியப்பில்லை.

ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டைத் திருகி முன்–பின் எடைப் பங்கையோ இட–வலப் பங்கையோ மாற்ற முடியாது. அது பேட்டரியும் ஓட்டுநரும் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மாறுவது மூலைவிட்டம் மட்டுமே. வலது முன், இடது பின் தட்டுகளை அரைச்சுற்று ஏற்றுங்கள். இடது முன், வலது பின் தட்டுகளை அரைச்சுற்று இறக்குங்கள். நான்கையும் சேர்த்துச் செய்தால் காரின் உயரம் கெடாது. ஒவ்வொரு தடவையும் காரைத் தராசிலிருந்து இறக்கி, சற்று உருட்டி, சஸ்பென்ஷனை அழுத்திவிட்டு மறுபடி ஏற்றி எடை பாருங்கள். மேலே சொன்ன காரில் இடது முன் 137.5, வலது முன் 142.5, இடது பின் 167.5, வலது பின் 172.5 என்று வந்தால் இரு மூலைவிட்டமும் 310. கடைசியில் ஆன்டி-ரோல் பாரை மாட்டும்போது அதன் இணைப்புத் தண்டு தானாகத் துளைக்குள் போக வேண்டும். தள்ளி நுழைத்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

கே: ரிவெட்டுகளைச் சுற்றி அலுமினியத் தகட்டில் வெள்ளைப் பொடி வருகிறது. சுரண்டிவிட்டுப் பெயின்ட் அடித்தால் போதுமா?
– வாசகர், மான்செஸ்டர்

ப: போதாது. பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு, தண்ணீரோடு தகட்டுக்கும் அதைத் தாங்கும் சட்டத்தின் இரும்புக் குழாய்க்கும் நடுவில் இறங்குகிறது. இரண்டு உலோகமும் உப்புநீரும் சேர்ந்தால் அலுமினியம் கரையும். கரைந்ததுதான் அந்தப் பொடி. மேலே பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கும்.

பொடி வந்த ரிவெட்டை அதே விட்டமுள்ள டிரில்லால் தலைமட்டும் துளைத்து, மீதியைத் தட்டி உள்ளே தள்ளுங்கள். தகட்டைச் சற்று விலக்கிக் குழாயைப் பாருங்கள். பவுடர் கோட்டிங் உப்பியிருந்தால் அதன் கீழே துரு ஓடியிருக்கும். உப்பிய இடம் முழுவதையும் சுரண்டி, ஜிங்க் பிரைமர் அடித்து, காய்ந்ததும் குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவே பாலியூரித்தேன் சீலன்ட்டைத் தொடர்ச்சியாக இழுங்கள். ரிவெட்டையும் துளையில் விடும் முன் சீலன்ட்டில் தோய்த்தெடுங்கள். நீளம் முக்கியம்: தகடு 1.2 மில்லிமீட்டர், குழாய்ச் சுவர் 1.6 என்றால் சேர்ந்து 2.8, அந்தக் கனம் ரிவெட் பெட்டியில் போட்டிருக்கும் பிடி அளவுக்குள் வர வேண்டும். நீளம் அதிகமான ரிவெட் இறுகாமல் ஆடும், ஆடினால் சீலன்ட் விரிசல் விடும், உப்பு மறுபடி உள்ளே போகும்.

கே: டிராக்கில் நீண்ட வளைவுகளில் ஆயில் பிரஷர் முள் விழுந்து எழுகிறது. ஓட்டலாமா?
– வாசகர், கென்ட்

ப: ஓட்டாதீர்கள். தரையில் இடிக்காமலிருக்க இந்தக் கார்களில் சம்ப்பை (இன்ஜினுக்கு அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) ஆழம் குறைத்து வைப்பார்கள். வளைவில் எண்ணெய் ஒரு பக்கம் ஏறிவிட, பம்ப் காற்றை உறிஞ்சும். சில நொடிகளே ஆனாலும் கிராங்கோடு கனெக்டிங் ராடு சேரும் இடத்தில் உள்ள பிக்-எண்ட் பேரிங் போய்விடும். ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். மடிப்புகளில் உலோக மினுமினுப்பு இருந்தால் இன்ஜினைத் திறந்தாக வேண்டும். இல்லையென்றால் எண்ணெய் பக்கவாட்டில் ஓடாமல் தடுக்க ஒருவழிக் கதவு வைத்த பேஃபிள் தகடு போட்டு, எண்ணெயை மேல்கோடு வரை வைத்துப் பாருங்கள். பிடிப்பு அதிகமான ஸ்லிக் டயர் போடுபவருக்கு, எண்ணெயைத் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப் தவிர வேறு வழியில்லை.

கே: கோவையில் இப்படி ஒரு காரைக் கட்டி ரோட்டில் ஓட்ட முடியுமா?
– வாசகர், பீளமேடு

ப: ரோட்டில் முடியாது. பிரிட்டனில் உள்ளதுபோல் தனி ஒரு காரைச் சோதித்து அனுமதி தரும் முறை இங்கே இல்லை. வாகன மாடலுக்குத் தயாரிப்பாளர் ஒப்புதல் வாங்க வேண்டும். பழைய காரை மாற்றிக் கட்டுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்தின்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்.

டிராக்குக்கு மட்டும் என்றால் கட்டலாம், டிரெய்லரில் ஏற்றிப் போக வேண்டும். மாணவராக இருந்தால் உங்கள் ஊர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு ஒரு கல்லூரி அணியில் சேருங்கள். குழாய்ச் சட்டம் கட்டும் வேலையைக் கையோடு கற்க அதைவிட நல்ல இடம் இல்லை. சட்டத்தை வெல்டிங் செய்யும்போது ஒரு மூலையை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். சமமான மேடையில் எல்லா இணைப்புகளையும் முதலில் டாக் வெல்டில் (சிறு புள்ளிகளாக வைக்கும் தற்காலிக வெல்டிங்) நிறுத்தி, மூலைவிட்டங்களை டேப்பால் அளந்து, அதன் பிறகு இடம் வலமாக மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக வெல்டிங் செய்யுங்கள். இல்லாவிட்டால் சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளும்; அதை எந்த அலைன்மென்ட்டாலும் நிமிர்த்த முடியாது.