தோட்டத்தை அடகு வைக்காதீர்கள், பெண் புவியியல் படிக்கட்டும்

மகளை என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்க, போன வாரம் கோத்தகிரியிலிருந்து அவளை என்னிடம் அழைத்து வந்த அம்மாவுக்கு,

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. பிளஸ் டூவில் மேத்ஸ் குரூப், நன்றாகப் படிக்கிறவள். ஆனால் பெண் ஜாக்ரபிதான் படிப்பேன் என்கிறாள். அவளுடைய பெரியப்பாவோ கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்துவிட்டார். பணத்துக்குத் தேயிலைத் தோட்டத்தை அடகு வைக்கலாம் என்ற பேச்சும் வந்துவிட்டது. நீங்கள் கண் கலங்கியதைப் பார்த்து அன்றைக்கு ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பினேன். இப்போது நேராகவே சொல்கிறேன். அந்த அடகு வேண்டாம். அந்த சீட்டும் வேண்டாம்.

உங்கள் மகள் சின்ன வயதில் விருந்தாளிகள் முன்னால் நின்று நாடு, தலைநகரம் ஒப்பிப்பாள் என்று சொன்னீர்கள். மங்கோலியா என்றால் உலான்பாதர், பெரு என்றால் லிமா. அப்போது கைதட்டிய அதே சொந்தக்காரர்கள்தான் இப்போது, அதைப் படித்தால் சோறு கிடைக்குமா என்று கேட்கிறார்கள். ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். தலைநகரம் ஒப்பிப்பதை வைத்து யாரையும் புவியியலுக்கு அனுப்ப மாட்டேன். அது போனைத் தட்டினால் கிடைத்துவிடும். அதனால்தான் உங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் வேறு மாதிரி கேள்விகளைக் கேட்டேன்.

மேட்டுப்பாளையத்தில் வியர்க்கிறது, ஊட்டியில் ஸ்வெட்டர் போடுகிறோம், ஏன் என்று ஆரம்பித்தேன். மேலே போகப் போகக் குளிர் என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்லும். இவள் கணக்கே போட்டாள். ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி குறையும், இரண்டு ஊருக்கும் உயர வித்தியாசம் சுமார் 1900 மீட்டர், ஆகவே பன்னிரண்டு டிகிரி. சரி, ஈக்வடாரின் கீட்டோ நகரம் நிலநடுக்கோட்டை ஒட்டி இருக்கிறதே, அங்கே கொளுத்துமா என்றேன். அது எவ்வளவு உயரம் என்று திருப்பிக் கேட்டாள். 2850 மீட்டர் என்றதும், அப்படியானால் நம்ம ஊட்டி மாதிரிதான் சார், வருஷம் பூரா ஒரே குளிர்ச்சியாக இருக்கும் என்றாள்.

அப்புறம் பெருவின் கரையோரம். கடலை ஒட்டிய பகுதி, ஆனால் பாலைவனம், எப்படி? கொஞ்ச நேரம் யோசித்தாள். கடல் தண்ணீர் குளிர்ந்திருந்தால் அதன்மேல் இருக்கும் காற்று கனமாகிக் கீழேயே தங்கிவிடும், மேலே எழும்பாது, அதனால் மூடுபனி வரும், மழை வராது என்றாள். அந்தக் கரையை ஒட்டி ஓடும் குளிர்ந்த கடல் நீரோட்டத்துக்கு ஹம்போல்ட் என்று பெயர். அது அவளுக்கு ஞாபகம் வரவில்லை. பெயர் தெரியாமல் காரணத்தைப் பிடித்தாளே, அங்கேதான் நான் முடிவுக்கு வந்தேன். ஜனவரியில் உறைபனி மேட்டைவிடப் பள்ளத்தாக்கில் அதிகம் படிவதும் இதே கனத்த குளிர்காற்று சரிந்து கீழே இறங்குவதால்தான் என்று அவளே சேர்த்துச் சொன்னாள். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர் ஏன் கொட்டுகிறது, கோத்தகிரி ஏன் வடகிழக்குக்குக் காத்திருக்கிறது என்பதை மலைச்சரிவு வரைந்தே காட்டினாள். கென்யாவின் கெரிச்சோ பற்றிக் கேட்டேன். நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், இரண்டாயிரம் மீட்டர் உயரம், ஆண்டு முழுக்க மழை, அதனால் நம்மைப் போலவே தேயிலை விளையும், உலகச் சந்தையில் நமக்குப் போட்டி என்றாள். பச்சைத் தேயிலை விலையைப் பற்றி வீட்டில் நீங்கள் கவலைப்படும்போது அவள் உலக வரைபடத்தில் அதற்குக் காரணம் தேடியிருக்கிறாள். இந்தப் புத்தியை நான்கு வருடம் விருப்பமில்லாத வகுப்பில் பூட்டி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்ஜினியரிங், நர்சிங், பி.காம் பற்றிச் சொல்ல உங்கள் ஊரில் ஆள் நிறைய இருக்கிறது. நான் பி.எஸ்சி. புவியியலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கோவை அரசு கலைக் கல்லூரி, சென்னையில் மாநிலக் கல்லூரி, ராணி மேரி கல்லூரி ஆகியவற்றில் இந்தப் படிப்பு இருக்கிறது. நிலம் எப்படி உருவாகிறது, காற்றும் மழையும் எப்படி நடக்கின்றன, கடல், மக்கள்தொகை, புள்ளியியல் எல்லாம் உண்டு. பாதி உயிர் செய்முறை வகுப்பில்தான். சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் டோப்போ ஷீட்டை, அதாவது மேடு பள்ளம் காட்டும் வரைபடத்தை, விரித்து வைத்து, ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் நெருங்கினால் செங்குத்துச் சரிவு, விலகினால் மெல்லிய சரிவு என்று மலையைக் காகிதத்திலேயே படிப்பார்கள். அடுத்து செயற்கைக்கோள் படம், அதற்கடுத்து ஜி.ஐ.எஸ்.

இந்த ஜி.ஐ.எஸ். என்ன என்று அன்றைக்கு உங்கள் கணவர் கேட்டார். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பக்கம் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். இப்போது ஒரு கம்ப்யூட்டரில் நீலகிரியின் சரிவுக் கோணம் ஒரு அடுக்கு, மண் வகை ஒரு அடுக்கு, மழை அளவு, ஓடைகள், சாலைக்காக வெட்டிய இடங்கள், வீடுகள் என்று அடுக்கடுக்காக ஒரே வரைபடத்தில் பொருத்துகிறார்கள். எல்லா ஆபத்தும் ஒன்றாகக் கூடும் இடம் தனியே தெரிந்துவிடும். இங்கே வீடு கட்டாதே, இந்தக் குடியிருப்பை மழைக்கு முன்பே காலி செய் என்று சொல்ல முடியும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அப்படி மழை வரும் மலையில் இந்த வேலைக்கு ஆள் வேண்டாமா? செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலத்தை ஆராயும், ஐதராபாத்தில் இருக்கும் தேசியத் தொலையுணர்வு மையம் 2023-இல் நாட்டின் நிலச்சரிவு வரைபடத் தொகுப்பையே வெளியிட்டது. நகரமைப்பு, காடு, மின்சாரம், குடிநீர், பயிர்க் காப்பீடு, டெலிவரி கம்பெனி என்று எல்லா இடத்திலும் இதே திறமைதான் தேவைப்படுகிறது. 2021 பிப்ரவரியில் வரைபடத் தரவுகளுக்கான கட்டுப்பாடுகளை மத்திய அரசு தளர்த்திய பிறகு தனியார் நிறுவனங்களுக்கும் வழி திறந்திருக்கிறது.

குறைகளையும் கேளுங்கள். வெறும் பி.எஸ்சி.யோடு நின்றால் வரைபடத்தில் கோடு இழுக்கும் சின்ன வேலைதான் கிடைக்கும், சம்பளமும் குறைவு. முதல் வருடத்திலேயே ஜி.ஐ.எஸ். வேலைக்கு இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் மென்பொருளைப் பழகட்டும், இரண்டாம் வருடம் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி. டேராடூனில் இஸ்ரோவின் கீழ் இயங்கும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் ஆன்லைனில் இலவச வகுப்புகள் நடத்துகிறது, அதையும் விடக்கூடாது. எம்.எஸ்சி. கட்டாயம். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் துறை இருக்கிறது. மேற்படிப்புக்கான கேட் (GATE) நுழைவுத் தேர்வில் 2022 முதல் ஜியோமேடிக்ஸ், அதாவது நில அளவை, வரைபடத் தரவு பற்றிய பாடம், தனித் தாளாக வந்திருக்கிறது. பி.எட். முடித்தால் பள்ளி ஆசிரியர் வழியும் உண்டு. ஆனால் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் ஜியாலஜிஸ்ட் ஆக இந்தப் பட்டம் செல்லாது, அதற்குப் பாறைகளையும் கனிமங்களையும் பற்றிய நிலவியல் படித்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

புவியியல் என்றதும் அடுத்து பெரியப்பா ஐ.ஏ.எஸ். என்று ஆரம்பிப்பார். அந்தத் தேர்வில் இந்திய, உலகப் புவியியல் வருகிறது என்பது நிஜம். ஆசை இருந்தால் அவள் எழுதட்டும். அதைச் சொல்லி இன்னொரு கோச்சிங் சென்டருக்கு லட்சம் கட்டும் திட்டத்தை இப்போதே நிறுத்துங்கள். இன்ஜினியர் என்ற பெயர் இல்லாமல் சொந்தபந்தம் அடங்காது என்றால், கிண்டி பொறியியல் கல்லூரியில் ஜி.ஐ.எஸ்., செயற்கைக்கோள் படம் பற்றிய ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் பி.இ. இருக்கிறது. மேத்ஸ் குரூப் என்பதால் கவுன்சிலிங்கில் அதை முதல் வரிசையில் போடலாம். அதுவும் அவள் சம்மதித்தால் மட்டுமே.

செலவுக் கணக்கு இதுதான். அரசுக் கல்லூரியில் வருடக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். பெரிய செலவு விடுதியும் சாப்பாடும்தான். அதைத் தேயிலை வருமானத்திலிருந்து மாதாமாதம் கொடுக்க முடியும் என்று உங்கள் கணவரே கணக்குச் சொன்னார். மேனேஜ்மென்ட் சீட்டுக்கோ பல லட்சம். தம்பி இப்போதுதான் ஒன்பதாவது படிக்கிறான். தோட்டம் வட்டிக்குப் போய்விட்டால் அவன் படிப்புக்கு என்ன வைத்திருப்பீர்கள்?

ரிசல்ட் வரும் சமயத்தில் அரசு கலைக் கல்லூரிகளுக்கான ஆன்லைன் விண்ணப்பம் திறக்கும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு மூன்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். கோவையை முதலில் போடுங்கள், வீட்டுக்கு வந்துபோக எளிது. பெரியப்பா அட்வான்ஸ் கொடுத்துவிட்டாரா என்று இன்றே கேளுங்கள். கொடுத்திருந்தால் ரசீதோடு என்னிடம் வாருங்கள், திரும்ப வாங்கக் கடிதம் எழுதித் தருகிறேன்.