எழும்பூர் அருங்காட்சியகம்: கேளுங்கள், சொல்கிறேன்

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் விலங்கு, கல், தாவர சேகரிப்புகளைப் பற்றிக் கேளுங்கள். சிற்பமும் நாணயமும் என் துறை இல்லை.

கேள்வி: என் பாட்டி இதை 'செத்த காலேஜ்' என்பார். அப்போ 'உயிர் காலேஜ்' எது?

மிருகக்காட்சிசாலை. அது பிறந்ததும் இதே வளாகத்தில்தான். சென்னை இலக்கியச் சங்கம் கொடுத்த சுமார் 1,100 கல், கனிம மாதிரிகளோடு 1851-இல் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் அருங்காட்சியகம் தொடங்கியது. எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர் பொறுப்பேற்றார். 1854-இல் எழும்பூர் பாந்தியன் கட்டடத்துக்கு வந்தார்கள். உயிருள்ள புலியைப் பார்க்கக் கூட்டம் அலைமோதுவதைக் கவனித்த பால்ஃபர், ஆற்காட்டு நவாப்பிடம் பேசி அவருடைய விலங்குகளையும் வாங்கிவிட்டார். ஒரே வருடத்தில் முந்நூறுக்கு மேல் சேர்ந்துவிட்டன. 1863-இல் அவை சென்ட்ரல் பக்கத்துப் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. 1985-இலிருந்து வண்டலூர்.

கேள்வி: திமிங்கல எலும்புக்கூடு நிஜமா, பிளாஸ்டரா?

நிஜம். மங்களூர் கரையில் ஒதுங்கியது, ஏறத்தாழ 60 அடி. அடுத்த முறை துடுப்பின் எலும்புகளை நின்று பாருங்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு, அப்புறம் வரிசையாக விரல் எலும்புகள். நம் கையின் அமைப்பேதான்.

கேள்வி: அமராவதி சிற்பங்கள் எப்போது வந்தன?

தொல்லியல் பிரிவில் கேளுங்கள்.

கேள்வி: தாத்தா காலத்துச் சிறுத்தைத் தலை வீட்டில் இருக்கிறது. அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா?

முதலில் வனத்துறை. 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி உரிமைச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம், கைமாற்றுவது அதைவிடச் சிக்கல். இன்னொன்று: வெறுங்கையால் தொடாதீர்கள், துடைக்காதீர்கள். அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமல் இருக்கத் தோலின் உள்பக்கம் ஆர்சனிக் சோப்பு பூசுவார்கள். அந்த விஷம் இன்னும் அப்படியே இருக்கும்.

கேள்வி: கொன்று, பாடம் பண்ணி, அடுக்கி வைத்தால் அது அறிவியலா? போட்டோ போதாதா?

போதாது. ஜெர்டன்ஸ் கோர்சர் என்ற பறவை அழிந்தேவிட்டது என்று நினைத்திருந்தார்கள். 1986-இல் கடப்பாக் காட்டில் திரும்பக் கிடைத்தது. அதன் முட்டையை யாரும் பார்த்ததில்லை. பிறகு ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் ஒன்று கிடைத்தது. 1917-இல் கோலார் தங்கவயலில் இருந்த கால்நடை மருத்துவர் ஒருவர் சேர்த்தது. பாடம் செய்து வைத்திருந்த அதே இனப் பறவையின் கால்விரல் தோலோடு டிஎன்ஏ ஒப்பிட்டு 2013-இல் உறுதிசெய்தார்கள். போட்டோவிலிருந்து டிஎன்ஏ எடுக்க முடியாது.

கேள்வி (அதே நண்பர்): ஒரு முட்டைக்காகவா இத்தனை உயிர்?

ஒன்று இல்லை. டிடிடி பூச்சிமருந்தால் வல்லூறு முட்டைகளின் ஓடு மெலிந்தது என்பதை 1967-இல் பிரிட்டனில் டெரெக் ராட்கிளிஃப் காட்டியது பழைய சேகரிப்பு முட்டைகளை வைத்துத்தான். அவற்றில் தேதி இருந்ததால் 1940-களின் கடைசியில் ஓடு சட்டென்று மெலிந்தது தெரிந்தது. பெருமைக்குச் சுட்டு மாட்டிய தலைகளை நானும் வெறுக்கிறேன். ஆனால் எங்கே, எப்போது, யார் எடுத்தது என்ற சீட்டு உள்ள ஒரு குருவித் தோலை அதோடு சேர்க்காதீர்கள். சீட்டு தொலைந்தால்தான் அந்தக் குருவி வீணாகச் செத்தது. அதனால்தான் சொல்கிறேன், கல்லோ சிப்பியோ எடுத்தால் அன்றைக்கே எழுதி வையுங்கள்.

கேள்வி: திமிங்கலம் பிளாஸ்டிக் என்று கைடு சொன்னாரே?

மேலே படியுங்கள்.

கேள்வி: விலங்கியல் முதுகலை மாணவி நான். மன்னார் வளைகுடா பற்றி இங்கே ஏதாவது வேலை நடந்திருக்கிறதா?

இதைத்தான் எதிர்பார்த்தேன் அம்மா. எஃப். எச். கிரேவ்லி 1920 முதல் 1940 வரை கண்காணிப்பாளர். வண்டு, சிலந்தி ஆராய்ச்சியில் பேர் பெற்றவர். குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றி 1927-இல் அருங்காட்சியக வெளியீடாகவே ஒரு தொகுப்பு வந்தது. கடற்பஞ்சு, நண்டு, நட்சத்திர மீன் என்று இனம் இனமாக இருக்கும். பவளம் இவ்வளவு வெளுத்துப்போன இன்றைக்கு, அன்று அங்கே என்னென்ன இருந்தது என்று ஒப்பிட அதைவிட நல்ல தொடக்கம் இல்லை. பதிவேட்டையும் மாதிரிகளையும் பார்க்க வழிகாட்டியின் கடிதத்தோடு இயக்குநருக்கு விண்ணப்பியுங்கள்.

கேள்வி: பாடம் செய்த புலியைக் குழந்தை தடவலாமா?

கூடாது. ஆர்சனிக்.

கேள்வி: வெள்ளிக்கிழமை வரலாமா?

விடுமுறை. சனிக்கிழமை வாருங்கள்.