சோமாலியர்கள் காலனிய மனநிலையிலிருந்து விடுபட மதமும் கவிதையும் எப்படி உதவின?

சோமாலி மொழிக்கு அரசு எழுத்துமுறை வந்ததே 1972இல்தான். அதுவரை அலுவலகத்தில் ஆங்கிலம், இத்தாலியன், அரபு; ஆனால் மனதைக் காத்தது வாய்மொழிக் கவிதை. அவர்களின் 'கபய்' வகைக் கவிதையில் ஒரே எழுத்தின் மோனை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வர வேண்டும். நம் மோனையைவிடக் கடுமையான கட்டு. அதனாலேயே ஒரு சொல் மாறினாலும் கேட்பவருக்குத் தெரிந்துவிடும், காகிதமே தேவைப்படவில்லை.

1913இல் துல் மடோபா போரில் கோர்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி இறந்தபோது, காலனிய ஆட்சியை எதிர்த்த தர்வீஷ் இயக்கத்தின் தலைவர் சையித் முகம்மது அப்துல்லா ஹசன் இறந்தவனையே பார்த்துப் பேசும் கவிதை ஒன்று பாடினார். நரகத்துக்குப் போகும் நீ அங்கே இன்னின்னதைச் சொல் என்று அடுக்குகிறார், எல்லாம் 'ஜ' மோனையில்: ஜஹன்னமா (நரகம்), ஜன்னா (சொர்க்கம்)... ஆள வந்தவனைத் தன் நம்பிக்கையின் தராசில் நிறுத்துகிறார் பாருங்கள், விடுதலை அங்கேயே தொடங்கிவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். (அவர் போரில் சோமாலியர்களும் ஏராளமாக மாண்டார்கள், அதையும் மறைக்கக் கூடாது.)

அப்புறம் குர்ஆன் பள்ளி. குழந்தைகள் மரப்பலகையில் கரிமை தொட்டு எழுதுவார்கள். அரபு உயிர்க்குறிகளுக்கே (எழுத்தின் மேலும் கீழும் இடும் உயிரொலி அடையாளங்கள்) சோமாலியில் பெயர் வைத்து ராகமாகச் சொல்வார்கள், இதைத் தொடங்கியவர் ஷேக் யூசுஃப் அல்-கவ்னைன் என்ற மார்க்க அறிஞர் என்பது மரபு. அதாவது, வெளியிலிருந்து வந்த வேதத்தையும் தாய்மொழி வழியாகவே உள்ளே எடுத்துக்கொண்டார்கள்.