விடுப்பில் மட்டும் வரும் தலைவலி

கேள்வி: அரசு வங்கி ஒன்றில் கிளை மேலாளராக இருக்கிறேன், வயது 46. மார்ச் கணக்கு முடிந்ததும், கோயில் கொடைக்காக நான்கு நாள் விடுப்பில் ஊருக்குப் போனேன். முதல் நாளே கடுமையான தலைவலி, மறுநாள் சளி. வேலை நாட்களில் நான் படுத்ததே இல்லை. வட்டார அலுவலக வாட்ஸ்அப் குழுவைப் பார்த்ததைத் தவிர வேறு வேலை எதுவும் செய்யவில்லை. ஆனாலும் போனதைவிட அசதியோடுதான் திரும்பினேன். ஓய்வே எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?
‍- வாசகர், மதுரை

பதில்: ஓய்வு ஒத்துக்கொள்ளாமல் போகவில்லை, அது உங்களுக்குக் கிடைக்கவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். திண்ணையில் சாய்ந்திருந்தாலும், வராக்கடன் பட்டியலோ மறுநாள் வரப்போகும் தணிக்கையோ மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும்வரை, அட்ரினலின், கார்டிசோல் போன்ற சுரப்புகள் உடலை விழிப்பு நிலையிலேயே நிறுத்தி வைக்கின்றன. இதயத்துடிப்பு தணிவதும் உறக்கம் ஆழமாவதும் அந்தப் பிடி தளர்ந்த பிறகுதான். வேலையைப் பற்றிய நினைப்பிலிருந்து மனம் விலகுவதை, உடல் மீள்வதற்கு வேண்டிய அனுபவங்களில் ஒன்றாக, சபீன் சோனென்டாக், சார்லட் ஃபிரிட்ஸ் என்னும் இரு உளவியலாளர்கள் 2007-இல் வகைப்படுத்தினார்கள். நீங்கள் 'அதைத் தவிர' என்று போகிற போக்கில் ஒதுக்கிய வாட்ஸ்அப் குழுதான் அந்த விலகலைக் கெடுத்திருக்கிறது. வேலைச் சுமை மிகுந்தவருக்கே ஓய்வு அதிகம் தேவை. ஆனால் மனத்தை விலக்கிக்கொள்வது அவருக்கே மிகக் கடினமாகவும் இருக்கிறது என்பதுதான் இதில் உள்ள முரண்.

தலைவலிக்கு வருவோம். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களிடம் நடத்தி 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், மன அழுத்தம் குறையத் தொடங்கிய முதல் 6 மணி நேரத்தில் வலி தொடங்கும் வாய்ப்பு கூடியது தெரியவந்தது. இன்னொரு காரணமும் இருக்கலாம்: கிளையில் ஒரு நாளைக்கு ஐந்தாறு காபி குடித்துவிட்டு ஊரில் இரண்டோடு நிறுத்தினால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் அதனாலேயே தலை வலிக்கும். விடுப்புக்கு நான்கைந்து நாள் முன்பிருந்தே ஒவ்வொன்றாகக் குறைத்துப் பாருங்கள். சளிக்கு மட்டும் வங்கியைக் குற்றம் சொல்ல வேண்டாம். இரவுப் பேருந்தும் கொடைக் கூட்டமும் போதும்.

விடுப்பைச் சேர்த்து வைத்து மொத்தமாக ஓய்வெடுத்துக்கொள்ளலாம் என்ற கணக்கும் பலிப்பதில்லை. விடுமுறையால் வரும் தெம்பு, வேலைக்குத் திரும்பிய சில நாட்களிலேயே கரையத் தொடங்குவதை நெதர்லாந்து ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே அன்றாட மாலையைத்தான் முதலில் மீட்க வேண்டும். கிளையைப் பூட்டும் முன், நாளைய வேலைகளை ஒரு தாளில் எழுதி மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். முடிக்காத வேலைதான் வீடுவரை கூட வருகிறது. இரவு எட்டு மணிக்கு மேல் அந்தக் குழுவின் ஒலியை நிறுத்திவிடுங்கள். விடுப்பில் போகும்போது துணை மேலாளரிடம் பொறுப்பை எழுத்தில் ஒப்படைத்து, அவசரமென்றால் அவர் மட்டும் அழைக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள். முக்கியப் பொறுப்புகளில் இருப்போருக்கு ஆண்டுக்கு 10 வேலை நாட்களேனும் தொடர்ச்சியாகக் கட்டாய விடுப்பு தரவும், அப்போது அவர்கள் வேலை தொடர்பான கோப்புகளையும் கணினி அமைப்புகளையும் அணுகாமல் பார்த்துக்கொள்ளவும் ரிசர்வ் வங்கியே 2021-இல் வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. மோசடியைக் கண்டறிவதற்கான ஏற்பாடுதான் அது. ஆயினும் நீங்கள் இல்லாமலும் கிளை நடக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

இவற்றோடு, இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். தலைவலி திடீரென உச்சத்துக்குப் போனாலோ, பார்வை மங்கினாலோ, மார்பில் இறுக்கம் தோன்றினாலோ, அதை வேலை அலுப்பு என்று ஒதுக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.