பார்த்துச் செய்ங்க

கேள்வி: எங்கள் வீட்டு நாய் நான் தாழ்ப்பாளைத் திறப்பதைப் பார்த்தே திறக்கப் பழகிவிட்டது. பத்தாவது படிக்கும் என் மகன் எதையும் பார்த்துக் கற்பதில்லை. மனிதனைவிட நாய்க்குத்தான் புத்தி அதிகமோ?
— ஒரு வாசகர், செல்லூர், மதுரை

பதில்: 'பார்த்து' என்ற சொல்லுக்கு நம்மூரில் எத்தனை வேலை! பஸ்ஸை விட்டு இறங்கினால் 'பார்த்துப் போங்க'. கத்தரிக்காய்க் கடையில் 'பார்த்துப் போடுங்க'. ஆபீசில் ஃபைல் நகரவில்லையா, 'பார்த்துச் செய்ங்க'. இதில் பார்க்க வேண்டியது சட்டைப்பையை. பரீட்சை ஹாலில் 'பார்த்து எழுதுவது' தனிக் கலை. அதில் உங்கள் மகன் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை.

உங்கள் நாய் அநேகமாகப் பார்த்துக் கற்கவில்லை. உங்கள் கை அடிக்கடி போகும் இடத்தில் ஏதோ விஷயமிருக்கிறது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டது. மிச்சம் மூக்காலும் காலாலும் முட்டிமோதித் தானே கண்டது.

2005-இல் ஹார்னர், வைட்டன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு பெட்டிக்குள் தின்பண்டம் வைத்து, தேவையில்லாத குத்தல் தட்டல்களோடு திறந்து காட்டினார்கள். பெட்டி கண்ணாடிபோல் உள்ளே தெரிந்தபோது சிம்பன்சிகள் வீண் வேலையை விட்டுவிட்டன. மூன்று, நாலு வயதுக் குழந்தைகள் அத்தனையையும் செய்தார்கள். 2017-இல் யேல் பல்கலைக்கழகத்தார் இதுபோலச் சோதித்ததில் நாய்களும் பெட்டியிலிருந்த தேவையில்லாத நெம்புகோலைப் போகப்போகத் தொடவில்லை. வியன்னாவில் மட்டும், வளர்ப்பவரே தேவையேயில்லாமல் சுவரிலுள்ள வண்ணப் புள்ளிகளை மூக்கால் தொட்டுக் காட்டியபோது பாதி நாய்கள் தாமும் தொட்டன. அந்நியர் செய்தால் அந்த மரியாதை குறைவு.

அதற்காகக் குழந்தைகளை மட்டம் தட்டாதீர்கள். எது வீண், எது அவசியம் என்று பழகுகிறவனுக்கு எப்படித் தெரியும்? புரோட்டா மாஸ்டர் மாவு உருண்டைகளை எண்ணெயில் ஊறப்போட்டுவிட்டுச் சும்மா நிற்கிறார். வெட்டி வேலைபோலத்தான் இருக்கும். ஊறாமல் வீசினால் மாவு விரியாது, சுருங்கும், கிழியும். ஏனென்று கேட்காமல் அப்படியே செய்கிற பையன்தான் தொழில் படிக்கிறான்.

இதே குணம்தான் சிவன் கோயிலில் சண்டிகேஸ்வரர் சன்னிதியிலும் நிற்கிறது. சிவன் சொத்து எதையும் எடுக்கவில்லை என்று வெறுங்கையைக் காட்டத்தான் அங்கே கைதட்டும் வழக்கம் என்பார்கள். ஒருவர் படீரென்று தட்டுகிறார், அடுத்தவர் சொடக்குப் போடுகிறார், அதற்கடுத்தவர் நல்ல வேட்டியில் நூலைப் பிய்த்துப் போடுகிறார். கேட்டால், 'முன்னால போனவர் போட்டாரு!' ஒரு நாய்கூட இதுவரை போட்டதில்லை.

தாழ்ப்பாளை மூக்கு எட்டாத உயரத்துக்கு மாற்றிவிடுங்கள்.