கேளுங்கள், சொல்கிறேன்: கடல் கடந்த கார்த்திகை

கேள்வி: திண்டிவனம் பக்கம் ஒரு கிராமத்தில் வளர்ந்தவள் நான். கார்த்திகை என்றாலே எங்களுக்கு மாவலிதான். இப்போது ஷ்டுட்கார்ட்டில் அடுக்குமாடி வீடு. விளக்கேற்றும்போது என் ஒன்பது வயது மகள் கொஞ்ச நேரம் நிற்கிறாள், அப்புறம் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். நான் அனுபவித்ததில் கொஞ்சமாவது அவளுக்குக் கிடைக்க வழி உண்டா?
- வாசகி, ஜெர்மனி

பதில்: கார்த்திகை என்றதும் உங்களுக்கு நினைவு வந்தது மாவலி. பூஜையைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை, கவனித்தீர்களா? பனம்பூவைப் பொறுக்கிக் காயவைத்து, குழியில் போட்டு மூடிக் கரியாக்கி, இடித்துத் தூளாக்கி, பழைய வேட்டித் துணியில் சுருட்டிக் கட்டி, பிளந்த பனைமட்டைக்கு நடுவே செருகி, கயிறு கட்டி, கங்கு வைத்து 'மாவலியோ மாவலி' என்று தலைக்கு மேல் சுழற்றினால் தீப்பொறி வட்டமாகக் கொட்டுமே, அதற்குப் பல நாள் முன்பிருந்தே பிள்ளைகளுக்கு வேலை இருந்தது. உங்கள் மகளுக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேலையே இல்லை. பாவம், அவள் எவ்வளவு நேரம்தான் நிற்பாள்!

மாவலியை அங்கே சுற்ற முடியாது, விட்டுவிடுங்கள். வேலையைக் கொடுங்கள். புது அகல்களைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைப்பது, திரி திரிப்பது, எந்த விளக்கு எங்கே என்று முடிவு செய்வது எல்லாம் அவள் பொறுப்பு. திரைச்சீலைப் பக்கம் வேண்டாம், மணல் பரப்பிய தட்டில் வையுங்கள், அணையும்வரை பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

அப்புறம் பொரி உருண்டை. இதை மட்டும் தயவுசெய்து கடையில் வாங்காதீர்கள். நெல்பொரி கிடைக்காவிட்டால் அரிசிப் பொரி போதும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக் காய்ச்சி, ஒரு சொட்டை நீங்கள் தண்ணீரில் விடுங்கள். அது கரையாமல் விரலில் கெட்டியாக உருள்கிறதா என்று அவள் பார்த்துச் சொல்லட்டும். சுக்கு, ஏலக்காய், பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய், பொரி எல்லாம் கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூடு வந்ததும் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு இரண்டு பேரும் மளமளவென்று உருட்டுங்கள். ஆறிவிட்டால் உதிரும். அந்த அவசரம் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். உருண்டை கோணலாக வந்தாலும் அவள் பிடித்ததைத்தான் முதலில் படைக்க வேண்டும்.

இன்னொன்று, நவம்பர் 11 மார்ட்டின் நாளுக்கு ஜெர்மன் பிள்ளைகள் கையால் செய்த விளக்குகளோடு பாடிக்கொண்டு ஊர்வலம் போவார்கள், உங்கள் மகளும் போயிருப்பாள். அந்த விளக்கைத் தூக்கிப் போடாமல் கார்த்திகைக்கும் வாசலில் வைக்கச் சொல்லுங்கள். டிசம்பரில் அங்கே மாலை நாலரைக்கே இருட்டிவிடும், வகுப்புத் தோழிகள் இரண்டு பேரைக் கூப்பிட்டு உருண்டை கொடுத்து அனுப்ப நேரம் தாராளமாக இருக்கும்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கார்த்திகை விளக்கீட்டுக்கு வாசலில் வாழைக்குற்றி (வாழைமரத் துண்டு) நட்டு, மேலே சிட்டி (சின்ன மண் அகல்) வைத்து விளக்கேற்றுவோம். டொரொன்டோவில் அது வார நாளில் வந்தால் சனிக்கிழமைக்கு மாற்றலாமா?
- வாசகர், கனடா

பதில்: விளக்கை மாற்றாதீர்கள். வேலை முடிந்து எத்தனை மணிக்கு வந்தாலும் அன்றைக்கே ஒரு விளக்காவது ஏற்றிவிடுங்கள். கூடிச் சமைப்பது, விருந்தினரைக் கூப்பிடுவது எல்லாம் தாராளமாகச் சனிக்கிழமை. வாழைக்குற்றிக்குப் பதில் வாசல் பனியிலேயே ஒரு குழி தோண்டி, உயரமான கண்ணாடிச் சாடிக்குள் விளக்கை வைக்கலாம், காற்றுக்கும் நிற்கும். ஊரில் அம்மாவோ அம்மம்மாவோ இருந்தால் அந்த நேரத்துக்கு வீடியோவில் கூப்பிட்டுப் பேரப்பிள்ளைகள் ஏற்றுவதைக் காட்டுங்கள். அவர்களுக்கு அப்போது அடுத்த நாள் விடிகாலையாக இருக்கும், அதனால் முதல் நாளே சொல்லி வைத்துவிடுங்கள்.