மாப்பிள்ளை பிரேசிலில், பெண் போர்ச்சுகலில்: 19ஆம் நூற்றாண்டில் தாலிக்கு முன்பா பின்பா கப்பல் ஏறினார்கள்?

பலர் மணமான பிறகே ஏறினார்கள். கத்தோலிக்கச் சட்டம் பதிலாள் வழியாகத் திருமணம் செய்ய இடம் தந்தது. பிரேசிலில் இருப்பவர் அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்புவார். மணப்பெண் இன்னார், தன் சார்பில் நிற்பவர் இன்னார் என்று அதில் பெயர் சொல்லியாக வேண்டும். பொதுவான பத்திரம் செல்லாது. பெரும்பாலும் மாப்பிள்ளையின் அண்ணனோ தகப்பனாரோ நிற்பார். கோயிலில் மூன்று ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்து, பங்குச் சாமியாரும் சாட்சிகளும் இருக்க மணம் முடியும்.

சிக்கல் இங்கேதான்: பத்திரம் கடல் தாண்டி வருவதற்குள் மாப்பிள்ளை இறந்துவிட்டாலோ மனம் மாறி அதை ரத்து செய்தாலோ, போர்ச்சுகலில் நடந்த திருமணம் செல்லாது. பெண்ணுக்கு அது தெரியவே நாளாகும். பிரேசிலில் அவருக்கு ஏற்கெனவே மனைவி இருந்தாலும் அப்படியே. ஆகவே அவர் மணமாகாதவர் என்ற சான்றை முதலில் கேட்டு வாங்குவதே பெண்ணுக்கு இருந்த உண்மையான காப்பு.

அடுத்தது பாஸ்போர்ட். மணமான பெண்ணுக்குக் கணவரின் சம்மதம் தேவை. 1867ஆம் ஆண்டு போர்ச்சுகல் சிவில் சட்டம் அவளைக் கணவரின் அதிகாரத்துக்குள் வைத்திருந்தது. அதனால் கணவர் அனுப்பும் ‘கார்த்தா தே ஷமாதா’ என்ற அழைப்புக் கடிதம் பெரிதாக மதிக்கப்பட்டது. கணவர் கடல் கடந்து போய்விட, ஊரிலேயே தங்கிவிட்ட மனைவியரை வடக்குப் போர்ச்சுகலின் மின்யோ பகுதியில் ‘உயிரோடிருப்பவரின் விதவைகள்’ என்றார்கள்.